மணம் பயிரைக் காக்குமா?

ஆவணி மாதத்தில் ஓர் இரவு, திண்டிவனத்திற்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து என் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக விடுதிச் சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். அன்று வேறொன்று கேட்டார்.

"ஏம்மா, டவுன்ல ஒரு கடையில மூலிகை எண்ணெய்னு விக்கிறான். விதை மல்லாட்டையில கலந்து வச்சா பூசணமே புடிக்காதாம். ரெண்டு பாட்டில் வாங்கலாமா? நீ அந்தப் படிப்புதானே படிக்கிற, சொல்லு."

நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அவர் இவ்வாறு கேட்டதற்குத் தக்க காரணம் உண்டு. முந்திய ஆண்டு ஐப்பசியில் அறுவடை செய்த நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. காய்கள் நன்றாகக் காய்வதற்கு முன்பே சாக்கில் கட்டி வைத்தார்கள். மார்கழியில் விதைப்பதற்காகச் சாக்கைப் பிரித்தபோது மஞ்சளும் பச்சையுமாகத் தூள் பறந்தது. விதைத்ததில் பாதிக்குமேல் முளைக்கவில்லை. என் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த பணம் மறுவிதைக்குப் போயிற்று. கட்டணத்திற்குக் கடன் வந்தது.

ஆகவே, தந்தையாரின் கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை. "வாங்குங்கள்" என்று சொல்லவும் நா எழவில்லை. "வேண்டாம்" என்று சொல்லவும் துணிவில்லை. ஏனெனில், செடிகளின் நறுமண எண்ணெய் பூசணத்தைத் தடுக்குமா என்பதே மானசகங்கோத்ரியில் என் முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். "ஒரு மாசம் பொறுங்கப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன். நம் மன்றத்து நண்பர்களில் பலர் வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இதே கேள்வி நாளை அவர்கள் வீட்டிலிருந்தும் வரக்கூடும்.

எண்ணெய் இருவகை

எண்ணெய் என்றதும் நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் நம் நினைவிற்கு வரும். இவை வித்தைச் செக்கிலிட்டுப் பிழிந்தெடுப்பவை. நறுமண எண்ணெய் வேறு இனம். கிராம்பு, ஓமம், இலவங்கப்பட்டை, துளசி, எலுமிச்சம்புல் முதலியவற்றின் மணமே அதுதான். இலையையோ மொட்டையோ வாலையிலிட்டு நீராவியைச் செலுத்தினால், ஆவியோடு ஆவியாக எண்ணெயும் கிளம்பி வரும். குளிர வைத்தால் நீர் வேறு, எண்ணெய் வேறாகப் பிரிந்து நிற்கும்.

இரண்டையும் வேறு பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு காகிதத்தில் வேப்பெண்ணெய் ஒரு துளியும், கிராம்பு எண்ணெய் ஒரு துளியும் விட்டு வையுங்கள். வேப்பெண்ணெய்க் கறை நாள் கடந்தும் அப்படியே இருக்கும். கிராம்பு எண்ணெய்த் துளியோ காற்றில் சிறிது சிறிதாகப் பறந்து மறைந்துவிடும். தூய எண்ணெயாயின் கறை ஏதும் பெரிதாக மிஞ்சாது. இந்தப் 'பறந்து போகும்' குணத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நறுமண எண்ணெயின் வலிமையும் அதுவே, வலுவின்மையும் அதுவே.

மைசூருக்கும் இவ்வெண்ணெய்களுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. முன்பெல்லாம் இந்நாட்டுச் சந்தனக் கட்டையும் ஓமமும் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, அங்கே எண்ணெயாகவும் தைமாலாகவும் வடிக்கப்பட்டன. 1914-இல் உலகப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அதன் பின்னரே, 1916-இல், மைசூர் அரசு தானே சந்தன எண்ணெய் வடிக்கும் தொழிலில் இறங்கியது. இன்றும் தேவராஜா சந்தைக்குள் நுழைந்தால், மல்லிகைக்கும் மஞ்சளுக்கும் இடையே சின்னஞ்சிறு குப்பிகளில் எண்ணெய்கள் மணப்பதைக் காணலாம்.

பூசணத்தை எண்ணெய் என்ன செய்கிறது?

பழைய ரொட்டியின் மேலும் நனைந்த தோலின் மேலும் படரும் பூசணத்தை அனைவரும் கண்டிருப்போம். அது மெல்லிய இழைகளின் கூட்டம். ஒவ்வோர் இழையின் உயிரணுக்களையும் ஒரு நுண்ணிய கொழுப்புப் படலம் சூழ்ந்திருக்கிறது. வேண்டியதை உள்ளே விடுவதும் வேண்டாததை வெளியே நிறுத்துவதும் இப்படலத்தின் வேலை. வீட்டிற்கு வாயிற்கதவு எப்படியோ, உயிரணுவிற்கு இது அப்படி. எர்கோஸ்டெரால் என்னும் பொருள் பூசணங்களின் படலத்திற்கு உறுதி தருகிறது.

கிராம்பு எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு வரை யூஜினால் என்னும் பொருளே. ஓமத்தில் தைமாலும், எலுமிச்சம்புல்லில் சிட்ராலும், பட்டையில் சின்னமால்டிஹைடும் தலைமைப் பொருள்கள். இவை கொழுப்பில் எளிதில் கரைவன. ஆகவே படலத்தினுள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கின்றன. எர்கோஸ்டெரால் உருவாவதும் குறைகிறது. ஓட்டை விழுந்த குடம்போல் உயிரணு ஒழுகத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் உப்புகள் வெளியேற, வளர்ச்சி நின்றுவிடுகிறது.

இதைச் சோதனைச் சாலையில் காண்பது எளிது. பூசணத்திற்கு உணவான அகர் கூழில் எண்ணெயைக் கலந்து, நடுவில் பூசணத்தை வைத்து, அது நாள்தோறும் எவ்வளவு படர்கிறது என்று அளக்க வேண்டும். எண்ணெய் கலவாத தட்டோடு ஒப்பிட வேண்டும். நான் முதன்முதலில் அளந்தபோது, எண்ணெய் இல்லாத தட்டில் பூசணம் விளிம்புவரை பரவியிருந்தது. கிராம்பு எண்ணெய்த் தட்டில் வைத்த இடத்திலேயே புள்ளியாக நின்றிருந்தது. அன்றிரவே தந்தையாரை அழைத்துச் சொல்லிவிடலாமா என்று கை துடித்தது. நல்ல வேளையாகச் சொல்லவில்லை.

கடலையிலுள்ள நஞ்சு

எங்கள் வீட்டுச் சாக்கில் பறந்த மஞ்சட்பச்சைத் தூள் பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணமாக இருக்கக்கூடும். இது விதையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணத்தைத் தேடியபோது, அவற்றிற்குத் தீனியாகக் கொடுத்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இப்பூசணம் சுரந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அந்நஞ்சிற்குப் பூசணத்தின் பெயரைக்கொண்டே அஃப்ளடாக்சின் எனப் பெயரிட்டனர்.

இது அயல்நாட்டுக் கோழிகளின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1974-இல் குஜராத், இராஜஸ்தான் எல்லைப் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழைமக்கள் கல்லீரல் நோயுற்று, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேறு உணவில்லாமையால் அதையே உண்டனர். சமைத்தால் இந்நஞ்சு அழியாது. கெட்ட கடலையைச் செக்கிலிட்டால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் திரிபு தோன்றுகிறது. ஆகவே, "மனுஷனுக்கு ஆகாததை மாட்டுக்குப் போடு" என்னும் நம் வீட்டு வழக்கம் இங்கே பொருந்தாது.

இத்தகைய பூசணத்தை நறுமண எண்ணெய் தடுக்கும் என்பது ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட செய்திதான். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினர் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஆயின், 'தடுக்கும்' என்பதற்கும் 'எங்கள் வீட்டுச் சாக்கில் தடுக்கும்' என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருப்பதை நான் அடுத்த சோதனையில்தான் கண்டேன்.

என் தவறு

விதையின் நலத்தைச் சோதிக்க ஈர ஒற்றுத்தாள் முறை என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தட்டில் நனைத்த ஒற்றுத்தாளை விரித்து, நிலக்கடலை போன்ற பெரிய விதையானால் தட்டுக்குப் பத்து வீதம் அடுக்கி, ஏழு நாள் வைத்திருந்து பார்ப்பது. நான் விதைகளைக் கிராம்பு எண்ணெயில் தாராளமாகப் புரட்டி அடுக்கினேன். ஏழாம் நாள் தட்டைத் திறந்தபோது ஒரு விதையிலும் பூசணம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற கன்னடத் தோழி மெல்லக் கேட்டாள்: "முளை எங்கே?"

ஒரு விதையிலும் முளையும் இல்லை.

காரணம் இப்போது வாசகர்களுக்கே விளங்கும். விதையின் உயிரணுவிற்கும் கொழுப்புப் படலம் உண்டு. எண்ணெய், பகைவன் வீட்டுக் கதவை மட்டும் தேடிப் பார்த்து உடைப்பதில்லை. அளவு மிஞ்சினால் நம் வீட்டுக் கதவையும் உடைக்கும். பூசணத்தைத் தடுக்கப் போதுமானதாகவும் முளையைக் கெடுக்காததாகவும் உள்ள அளவு ஒரு குறுகிய சந்து. அளவு எழுதப்படாத குப்பியை வாங்கி விதையில் ஊற்றுபவர் அந்தச் சந்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

அடுத்து எண்ணெயை விதையில் படவிடாமல், பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணாடிச் சாடிக்குள் தொங்கவிட்டேன். ஆவியே வேலை செய்தது. சற்று ஈரமான விதைகளிலும் பூசணம் தலைகாட்டவில்லை. ஆனால் அவ்விதைகளை எடுத்துச் சிறு சாக்குப்பையில் போட்டு வைத்தபோது, சில நாளில் மணம் போயிற்று, பூசணம் வந்தது. வளர்ச்சியை நிறுத்துவது வேறு, கொல்வது வேறு அன்றோ! காவற்காரன் போனதும், பதுங்கியிருந்தவன் எழுந்துவிட்டான்.

இதே நேரத்தில் வேறொரு பையில், எண்ணெயே காணாத ஆனால் வெயிலில் நன்றாகக் காய்ந்த விதைகளையும் ஒப்பீட்டுக்காக வைத்திருந்தேன். அவை பூசணமின்றி இருந்தன; முளைத்தும் வந்தன. எண்ணெயைப் பற்றி ஆராயப் புகுந்த எனக்கு வெயில் பாடம் சொல்லிற்று.

வயலில் என்ன நேர்கிறது?

மூடிய சாடியிலேயே இவ்வளவு தொல்லையென்றால், திறந்த வயலில் எப்படி? இதற்கு மைசூர் நாட்டிலேயே நல்ல விடை உண்டு. மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் மழைக்காலத்தில் காய்கள் அழுகி உதிரும் நோயைக் கன்னடத்தில் கொளெ ரோகம் என்பர். கொளெ என்றால் அழுகல். 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த கனடா நாட்டு அறிஞர் லெஸ்லி கோல்மன் இதை ஆராய்ந்து 1910-இல் நூல் வெளியிட்டார். போர்டோ கலவையைத் தெளிக்கும் முறையைத் தோட்டக்காரர்களிடையே பரப்பினார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் நீர் என்பது நூற்றுக்கு ஒரு பங்கு கலவையின் கணக்கு.

அக்கலவை மைசூரில் வென்றதன் இரகசியம் அது காயின் மேல் ஒட்டிக்கொண்டு மழையைத் தாங்கி நிற்பதே. நம் நறுமண எண்ணெயோ, மழைக்கு முன் காற்றுக்கே நிற்பதில்லை. ஏக்கர் கணக்கில் அடிக்கடி தெளிப்பதற்குச் செலவும் கட்டுப்படியாகாது. நூறு கிலோ பச்சை எலுமிச்சம்புல்லில் அரைக் கிலோ எண்ணெய் கிடைப்பதே அரிது. ஆயினும் செம்பு தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. ஆண்டாண்டாகத் தெளித்த செம்பு மண்ணிலேயே தங்கிச் சேர்கிறது. தங்குவதால் பயனும் உண்டு, தீமையும் உண்டு. தங்காமல் மறைவதாலேயே நறுமண எண்ணெயின் மீது அறிஞர்கள் ஆசை வைத்திருக்கிறார்கள்.

மற்றொரு செய்தி இதைவிட வியப்பானது. மைசூர் வெற்றிலையின் காரமும் மணமும் யாவரும் அறிந்தவை. வெற்றிலை எண்ணெயிலும் யூஜினால் உண்டு. தட்டில் வைத்துப் பார்த்தால் அது பல பூசணங்களைத் தடுக்கிறது. அப்படியிருந்தும் வெற்றிலைக் கொடிக்கால்களை அழுகல் நோய் அழிக்கிறது. அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தொரா, பாக்கைத் தாக்குவதன் இனமே. இன்றைய வகைப்பாட்டில் அது உண்மைப் பூசணமும் அன்று. ஒரு கொடி தன் எண்ணெயாலேயே தன்னைக் காத்துக்கொள்ள முடியாதபோது, அவ்வெண்ணெயை எல்லா நோய்க்கும் மருந்து என்பது எப்படிப் பொருந்தும்?

நஞ்சன்கூடு ரசபாளெ வாழையையும் எண்ணிப் பாருங்கள். மைசூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள அவ்வூரின் புகழ் பெற்ற பழம், பனாமா வாடல் நோயால் அரிதாகிவிட்டது. அந்தப் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, வேர் வழியே புகுந்து, நீரேறும் குழாய்களை அடைக்கிறது. இலைமேல் தெளித்த மணம் அங்கே எட்டாது.

எங்கே பயன்படும்?

இவ்வளவும் சொன்னதால், நறுமண எண்ணெய் பயனற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதன் இடம் எது என்று அறிந்தால் அது நல்ல துணைவன். மூடிய இடம், குறைந்த காலம், விலையுயர்ந்த பொருள் ஆகிய இம்மூன்றும் கூடுமிடத்தில் அது சிறக்கிறது. பறித்த பழத்தைப் பெட்டியில் வைத்துக் காப்பதும், காற்றுப் புகாத கலத்தில் தானியத்தைக் காப்பதும் இத்தகையவை.

பறந்து போவதைத் தடுக்கும் வழிகளையும் தேடி வருகிறார்கள். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் யூஜினால், தைமால், ரோஜாவில் மணக்கும் ஜெரானியால் ஆகிய மூன்றையும் பயிர்க்காப்புப் பொருள்களாக ஏற்றுக்கொண்டது. திராட்சையைத் தாக்கும் சாம்பல் பூசணத்திற்கு இவை பயன்படுகின்றன. இதில் சுவையான செய்தி யாதெனில், இவற்றை ஈஸ்டின் வெறுங்கூடுகளுக்குள் அடைத்துத் தெளிக்கிறார்கள். இலையின் மேல் ஈரம் படும்போது கூட்டிலிருந்து மருந்து மெல்ல வெளிவருகிறது. ஈஸ்டும் ஒரு பூசணமே. பூசணத்தின் கூட்டிலிருந்தே பூசணத்திற்குப் பகை புறப்படுகிறது!

தந்தையாருக்குச் சொன்ன விடை

மாதம் முடிந்தது, தந்தையாரை அழைத்தேன். "எண்ணெய் வேண்டாம்பா" என்றேன். "அப்போ அது பொய்யா?" என்றார். "பொய் இல்லை. ஆனா நம்ம சாக்குக்கு அது ஆகாது" என்று விளக்கினேன். பிறகு செய்ய வேண்டியவற்றைச் சொன்னேன். காய்களைத் தரையில் அல்லாமல் தார்ப்பாயில் பரப்பி, உலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை காய வைக்க வேண்டும். விதைக்கானதை உடைக்காமல் காயாகவே வைக்க வேண்டும். சாக்கைச் சுவரோரமாகத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும். விதைக்கும்போது, வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது போலக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்துகொள்ளலாம். பூசணத்தையே உண்டு வாழும் நற்பூசணம் அது. பூசணம் பிடித்த பருப்பை நாமும் உண்ணக்கூடாது, மாட்டிற்கும் வைக்கக்கூடாது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "இதுல பாதியை உங்க தாத்தாவே சொல்லுவாரு" என்றார். "மீதியை நான் சொல்றேன்பா" என்றேன். சிரித்தார்.

நண்பர்களே, 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் இளகிவிடுகிறது. கிராம்பின் மணம் இயற்கைதான், அஃப்ளடாக்சினும் இயற்கைதான். சொல்லை வைத்து மருந்தை எடை போட இயலாது. எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு என்ற நான்கு கேள்விகளைக் கேட்டே எடை போட வேண்டும். கல்லூரிக்கு வந்த நாம் இக்கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டோம். அவற்றை நம் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பேசும் மொழியில் சொல்லிக் கொடுப்பதும் நம் கடமையன்றோ?

ஐப்பசி அறுவடை முடிந்துவிட்டது. எண்ணெய்க்கென வைத்திருந்த பணத்தில் தந்தையார் இரண்டு தார்ப்பாய் வாங்கினார். விதைக்காய்ச் சாக்குகள் இப்போது எங்கள் வீட்டில் பலகைமேல் இருக்கின்றன. மார்கழியில் அவற்றைப் பிரிப்பார்கள். என் தேர்வு முடிவை எதிர்பார்ப்பதைவிட ஆவலோடு அந்த நாளை எதிர்பார்த்திருக்கிறேன்.